இரட்டைத் தந்திக் கித்தார்

இசைக்கருவிகளுள் கித்தார் இந்நாளில் நம் இளைஞர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்து நிற்பது யாவரும் அறிந்ததே. பெருநகரங்களில் மட்டுமன்றி, கல்வராயன் மலையடியிலுள்ள சங்கராபுரம் போன்ற ஊர்களிலும் அக்கருவியைப் பயில விரும்புவோர் பலர். அவருட் சிலர் ஆறு தந்திக் கித்தாரோடு அமையாது, பன்னிரு தந்திகள் இரண்டிரண்டாகப் பூட்டப்பெற்ற கித்தாரை வாங்க விழைகின்றனர். அதன் ஒலி ஒருமுறை கேட்டாரைத் திரும்பவும் கேட்கத் தூண்டும் இனிமையுடையது. ஆயினும் அஃது எல்லார்க்கும் ஏற்ற கருவியன்று. யார்க்கு அஃது ஏற்கும், யார்க்கு ஏலாது, வாங்குவோர் எவற்றை ஆராய்ந்து வாங்குதல் வேண்டும் என்பவற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. சங்கராபுரம் வட்டத்துக் குடும்பங்கள் பல நெல்லையும் கரும்பையும் மரவள்ளியையும் நம்பி வாழ்வன. ஆலைக்கு வெட்டி அனுப்பிய கரும்பின் பணம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையே கைக்கு வரும். கடனும் கல்லூரிச் சம்பளமும் போக எஞ்சிய தொகையில் ஒரு தந்தை தம் மகனுக்கோ மகளுக்கோ ஒரு கருவி வாங்கித் தருவாராயின், அது மறுமுறை செய்யத்தக்க செலவன்று. நேரிற் கண்டு வாங்கச் சென்னை, சேலம், புதுச்சேரி முதலிய நகரங்களுக்குச் செல்லவேண்டும். விலைகட்டி வீட்டிற்கே வருவித்தாலோ, முன்னரே கையிலெடுத்துப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. தண்டி வளைந்துபோன கருவியைச் செப்பனிட வல்ல வினைஞர் சிற்றூர்களில் எளிதிற் கிடையார். ஆதலின் வாங்குமுன் அறிவதே அறிவு.

முதற்கண் கருவியின் அமைப்பை நோக்குவோம். வீணையின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களையே இதற்கும் கொள்வோம். கை பற்றும் நீண்ட பகுதி தண்டி. அதன்மேற் பதித்த உலோகக் கம்பிகள் மெட்டுகள். தந்திகளை முறுக்குவன பிரடைகள். பெட்டியின்மேல் தந்திகளைத் தாங்குவது குதிரை. தண்டியின் தலைப்பக்கத்தில் தாங்குவது மேரு. ஆறு தந்திக் கித்தாரில் ஒரு தந்தி நிற்கும் இடத்தில், இக்கருவியில் இரு தந்திகள் நெருங்கி நிற்கும்; ஒரு விரல் இரண்டையும் ஒருங்கே அழுத்தும். முதல் இரண்டு இணைகளிலும் தந்தியிரண்டும் ஒரே சுருதியுடையன. எஞ்சிய நான்கு இணைகளிலும் தடித்த தந்தியோடு, அதனினும் ஒரு ஸ்தாயி உயர்ந்த மெல்லிய தந்தி துணையாக நிற்கும்.

இவ்வமைப்பில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. மூன்றாம் இணையின் தடித்த தந்தி நொடிக்கு 196 முறை அதிர்வது. அதன் துணைத் தந்தி 392 முறை அதிர்வது. ஓரத்தில் நிற்கும் முதல் இணையின் அதிர்வோ ஏறத்தாழ 330 தான். ஆகவே கருவியிலுள்ள தந்திகளுள் மிக உயர்ந்த ஒலியுடையது நடுவே மறைந்து நிற்கின்றது. மிக மெல்லியதாய் மிக இறுகி நிற்றலின், பெரும்பாலும் அதுவே முதலில் அறும். அத்தந்தியை மட்டும் தனியே இரண்டு மூன்று வாங்கி வைத்தல் நலம்.

இனி, இரட்டைத் தந்தியின் இனிமைக்குக் காரணம் யாது? நம் தம்புராவே இதற்கு விடை கூறும். அதன் நான்கு தந்திகளுள் நடுவிலுள்ள இரண்டும் ஒரே ஷட்ஜத்திற்குச் சேர்க்கப்படுவன. இரு தந்திகள் எத்துணைக் கவனமாகச் சேர்க்கப்பெற்றாலும் அணுவளவேனும் வேறுபடும். ஒன்று 330 முறையும் மற்றொன்று 331 முறையும் அதிருமாயின், இரண்டும் கூடிய ஒலி நொடிக்கு ஒருமுறை ஓங்கித் தாழும். இதனைப் பௌதிக நூலார் விம்மல் என்பர். விம்மல் மெல்ல நிகழுமாயின் ஒலி உயிர்பெற்று மினுங்குவதுபோல் தோன்றும். விரைந்து நிகழுமாயின் செவிக்கு அபசுரமாகும். எனவே இக்கருவியின் அழகும் குற்றமும் ஒரே இடத்தினின்றும் பிறப்பன. பன்னிரண்டு தந்திகளையும் நாள்தோறும் பொறுமையோடு சுருதி சேர்ப்பவர்க்கே அஃது அழகாகும்.

இரட்டைத் தந்தி புதிதாகத் தோன்றியதன்று. அரபியரின் ஊத் என்னும் கருவியிலும், அதன் வழித்தோன்றலாகிய ஐரோப்பிய லூட் என்பதிலும் தந்திகள் இணையிணையாகவே கட்டப்பெற்றன. 17-ஆம் நூற்றாண்டின் கித்தார் ஐந்து இணைகளை உடையது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே ஒற்றைத் தந்திகள் ஆறு கொண்ட வடிவம் மேலோங்கிற்று. பின்னர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்க நாட்டில் பன்னிரு தந்திக் கித்தார் பரவலாயிற்று. 1949-ல் மறைந்த லெட்பெல்லி என்னும் நீக்ரோ இனப் பாடகர் அதனை உலகறியச் செய்தவருள் முதன்மையானவர். அவர் தம் கருவியை வழக்கமான சுருதியினின்றும் நன்கு தாழ்த்தியே வாசித்தார் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. ஏனெனில் அடுத்து யாம் கூறப்போவது தந்திகளின் இழுவிசையைப் பற்றியதாம்.

ஆறு தந்திக் கித்தாரில் மெல்லிய தந்திகளைப் பூட்டினும் அவை அனைத்தும் கூடி ஏறத்தாழ 70 கிலோ எடையளவு இழுக்கும். பன்னிரு தந்திகளோ 100 கிலோவுக்கு மேலும் இழுப்பன. இரு மூட்டை நெல்லைத் தொங்கவிட்டாற்போன்ற அவ்விழுப்பை, சில மில்லிமீட்டர் கனமே உள்ள மேற்பலகையும் ஒட்டிவைத்த குதிரையும் ஒல்லியான தண்டியும் இரவும் பகலும் தாங்குகின்றன. தாங்கமாட்டாத கருவியில் தண்டி வளையும்; பலகை வீங்கும்; குதிரை பெயரும். எல்லாத் தந்திகளையும் இரண்டு அரைச்சுரம் தாழ்த்திச் சேர்ப்போமாயின், இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். பழைய சுருதி வேண்டியபோது இரண்டாம் மெட்டின்மேல் கேப்போ என்னும் பிடியை இட்டு வாசிக்கலாம். இவ்வழி கருவியின் ஆயுளையும் விரல்களையும் ஒருங்கே காக்கும். அவ்வாறே, ஆறு தந்திக்கெனச் செய்த கருவியிற் பன்னிரு தந்தி பூட்ட முயலுதல் அதனை அழிப்பதற்கு ஒப்பாகும்.

இஃதொருபுறமிருக்க, நம்மவர் சிறப்பாக எண்ணவேண்டியது கமகம். 1969-ல் ஆந்திர நாட்டுப் பாலகோல்லுவிற் பிறந்து, சிறுவயதிலேயே சென்னைக் கச்சேரி மேடைகளிற் புகழெய்தி, 2014-ல் மறைந்த மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் அவர்களை அறியாத இசையன்பர் இரார். மாண்டலின் என்பது இயல்பாக நான்கு இணைகளாக எட்டுத் தந்திகள் உடையது. அப்பெருமகனார் வாசித்த மின் மாண்டலினிலோ இணைகள் இல்லை. ஒற்றைத் தந்திகள் ஐந்தே இருந்தன. இதன் பொருத்தத்தை ஆராய்வோம். கர்நாடக இசையில் ஒரு சுரம் அசையாது நிற்பது சிறுபான்மை. அஃது அசைந்தும் வழுக்கியும் அடுத்த சுரத்தைத் தொட்டும் ஒலிப்பதே பெரும்பான்மை. அதன்பொருட்டு விரல் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும். விரலின்கீழ் இரு தந்திகள் இருப்பின், அவை ஒரே அளவாக இழுபடா; கனம் வேறுபட்ட இணையாயின் வேற்றுமை இன்னும் மிகும். அப்போது ஒரு சுரம் இரு சுரமாகப் பிளந்து நிற்கும். இரட்டைத் தந்தியின் நிறைவை விட்டு ஒற்றைத் தந்தியின் நெகிழ்ச்சியைக் கொண்டமையால், அயல்நாட்டுக் கருவி ஒன்று அவர் கையில் ராக ஆலாபனைக்கு இசைந்தது.

ஆகவே தேர்வின் முதற்கேள்வி கடைக்காரரிடம் கேட்பதன்று. நம்மை நாமே கேட்பது. நாம் வாசிக்க விரும்புவது யாது? தனித்த இராகமோ, கமகம் நிறைந்த திரைப்பாடலின் மெட்டோ எனின், ஆறு தந்திக் கித்தாரே போதும். அதுவே சிறந்ததும் ஆம். பாடுவோர்க்குத் துணையாக மூன்று நான்கு சுரங்களை ஒருங்கே ஒலிப்பித்து, ஒரே கருவியால் அவையை நிறைக்க வேண்டுமெனின் பன்னிரு தந்தி ஏற்றது. கித்தாரையே முதன்முதற் கற்கத் தொடங்குவோர் ஆறு தந்தியிலே தொடங்குக. விரற்றோல் தடிக்குமுன் இரட்டைத் தந்தியை அழுத்தப் புகுந்து, வலி பொறாது கருவியை மூலையிற் சார்த்திவிடுதல் எளிதில் நேர்வதே.

வாங்கத் துணிந்தார் கருவியைக் கையிலேந்தி ஆராயும் முறையை இனிக் கூறுவோம்.

முதலாவது தண்டி. மேருவின் பக்கமிருந்து ஒரு கண்ணால் தண்டியின் நீளத்தை நோக்குக. அது நேராகவோ, நடுவே மிகச் சிறிது குழிந்தோ இருத்தல் வேண்டும். முதல் மெட்டிலும் பெட்டியோடு தண்டி சேரும் மெட்டிலும் ஒரு தந்தியை ஒருங்கே அழுத்தினால், இடையில் ஏழாம் மெட்டுக்கும் தந்திக்கும் ஒரு சீட்டின் கனமளவே இடைவெளி தோன்றுதல் நன்று. தண்டிக்குள் வளைவைத் திருத்தும் இரும்புக்கோல் உண்டோ, அது திருகினால் இயங்குகின்றதோ எனக் கேட்டறிக.

இரண்டாவது குதிரையும் மேற்பலகையும். குதிரையின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பார்க்க; அஃது உள்ளே நுழையுமாயின் குதிரை பெயரத் தொடங்கிற்று என்க. பலகை சிறிது உயர்ந்திருத்தல் இயல்பு. குதிரைக்குப் பின்னே வீங்கியும் முன்னே தாழ்ந்தும் இருப்பின் அக்கருவியை விட்டொழிக. பன்னிரண்டாம் மெட்டில் தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள உயரம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை இருப்பின் விரலுக்கு இதம்.

மூன்றாவது மேருவின் அகலம். ஆறு தந்திக் கருவியில் அது 43 அல்லது 44 மில்லிமீட்டர். பன்னிரு தந்திக் கருவியில் 47 அல்லது 48 வரை இருக்கும். குறுகிய தண்டியில் இணைகள் நெருங்கி, ஒரு விரல் அயலிணையைத் தீண்டும். மிக அகன்றதோ சிறு கைக்கு எட்டாது. கடையில் நின்றபடியே ஒருவிரலை ஆறு இணைகளின்மீதும் கிடத்தி அழுத்திப் பார்த்தல் வேண்டும்.

நான்காவது சுருதி. பன்னிரு பிரடைகளையும் ஒவ்வொன்றாகத் திருகி, வழுக்காமலும் திணறாமலும் சுழல்கின்றனவோ எனக் காண்க. பின்பு திறந்த தந்தியையும், அதனைப் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய ஒலியையும் ஒப்பிடுக. இரண்டும் சரியாக ஒரு ஸ்தாயி வேறுபடுதல் வேண்டும். இணையிலுள்ள இரு தந்திகளையும் தனித்தனியே இவ்வாறு சோதித்தல் இன்றியமையாதது; ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தாத கருவி மேல்மெட்டுகளில் என்றும் அபசுரமே பேசும்.

மரத்தைப்பற்றியும் ஒரு சொல். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது. நன்கு உலராத மரம் பின்னர் வெடிக்கும் என்பதை மரவேலை செய்வோர் நன்கறிவர். கித்தாருக்கும் இஃது ஒக்கும். கித்தாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் உலகெங்கும் விரும்பப்படும் ஈட்டி மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. அதனைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிச்சட்டமும் இயற்றப்பெற்றது. ஆயினும் விலைமிக்க மரத்தைத் தேடி அலைதல் மாணவர்க்கு வேண்டுவதன்று. மேற்பலகை முழுமரமாகவும், முதுகும் பக்கமும் ஒட்டுப்பலகையாகவும் உள்ள கருவி ஒலிக்கும் குறையாது, சித்திரை வைகாசி வெயிலையும் ஐப்பசி கார்த்திகை ஈரத்தையும் ஓரளவு தாங்கும்.

வாங்கிய பின்னும் காத்தல் வேண்டும். தகரக் கூரையின்கீழும் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளும் கருவியை வைத்தலாகாது. விடுமுறையில் நெடுநாள் வாசியாது விடுவோர் தந்திகளை இரண்டு அரைச்சுரமேனும் தளர்த்திப் பெட்டியில் வைத்து மூடுக. தந்தி மாற்றுஞ் செலவு ஆறு தந்திக் கருவிக்காவதினும் மிகும் என்பதையும் விலைபேசும்போதே கணக்கிற் சேர்த்துக் கொள்க. இவையனைத்தையும் எண்ணிய பின்னரும் உள்ளம் அவ்வொலியையே நாடுமாயின், அச்சமின்றி வாங்கலாம். உள்ளம் சிறிதேனும் தயங்குமாயின், நல்ல ஆறு தந்திக் கித்தார் ஒன்றை அப்பணத்தால் வாங்கி, எஞ்சியதை ஆசிரியர்க்குக் கொடுத்துப் பயில்வதே மேல் என்பது எம் கருத்து.