பாக்டீரியங்கள் கட்டும் கோட்டை

காலையில் எழுந்தவுடன், பல் துலக்கும் முன், நாக்கால் உங்கள் பற்களைத் தடவிப் பாருங்கள். ஒருவித வழவழப்புத் தெரியும். சில நாட்கள் தேய்க்காமல் விட்ட தண்ணீர்க் குடத்தின் உட்புறத்தை விரலால் தொட்டாலும் அதே வழவழப்புத்தான். இது வெறும் அழுக்கு அன்று. எண்ணற்ற பாக்டீரியங்கள் கூடி வாழும் குடியிருப்பு! இதனை உயிர்ப்படலம் என்பர்.

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகராக இருந்த லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த வில்லையின் மூலம் தம் பல்லழுக்கை ஆராய்ந்தார். அதில் துள்ளித் திரிந்த சிற்றுயிர்களைப் பற்றி 1683-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் கழகத்துக்கு எழுதினார். வாயைக் காடியால் கொப்பளித்தபோது, பல்லழுக்கின் மேற்புறத்தில் இருந்தவை மட்டுமே மடிந்தன. உள்ளே இருந்தவை பிழைத்தன என்பதையும் அவர் கண்டார். அதே உயிரி, அதே காடி. வெளியே இருந்தால் சாவு, உள்ளே இருந்தால் வாழ்வு. இது ஏன்?

கோட்டை எழும் விதம்

நீரில் தனித்து நீந்தும் பாக்டீரியம் ஒரு பரப்பைத் தொட்டதும், முதலில் லேசாக ஒட்டிக்கொள்கிறது. இடம் பிடித்திருந்தால் நிலையாகத் தங்கிப் பெருகுகிறது. சர்க்கரைத் தொடர்களாலும் புரதங்களாலும் ஆன பிசினைச் சுரந்து, தன்னையும் தன் கூட்டத்தையும் அதற்குள் புதைத்துக்கொள்கிறது.

தங்குவதா, நீந்திப் போவதா என்பதைத் தீர்மானிப்பதில் ஒரு சிறிய மூலக்கூறுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் பெயர் சைக்ளிக் டை-ஜி.எம்.பி. இஸ்ரேல் நாட்டு அறிவியலார் மோஷே பென்சிமன் குழுவினர் 1987-இல் இதனைக் கண்டறிந்தனர். பல பாக்டீரியங்களில், செல்லுக்குள் இதன் அளவு கூடினால் நீந்தும் இழைகள் ஓய்ந்து பிசின் சுரக்கிறது. குறைந்தால் பிடி தளர்ந்து நீச்சல் தொடங்குகிறது.

மருந்து தோற்பது எதனால்?

பிசின் சில மருந்துகளின் வேகத்தைத் தடுக்கிறது என்பது உண்மையே. ஆனால் அது மட்டும் காரணமன்று. ஆக்சிஜன் படலத்தின் மேலிருந்து உள்ளே பரவுகிறது. வழியிலுள்ள பாக்டீரியங்கள் அதனைப் பயன்படுத்திக்கொள்வதால், ஆழத்திலுள்ளவற்றுக்கு மிகக் குறைவாகவே எட்டுகிறது. உணவின் கதியும் இதுவே. எனவே அடித்தட்டில் இருப்பவை வளராமல், ஏறக்குறைய உறங்கிக் கிடக்கின்றன. பெனிசிலின் போன்ற மருந்துகளோ, வளரும் செல் தன் சுவரைக் கட்டும்போதுதான் தாக்குகின்றன. கட்டட வேலையே நடக்காத இடத்தில் அவை எதைத் தடுக்கும்? மருந்து நின்றதும் உறங்கியவை விழித்து மீண்டும் பெருகுகின்றன. செயற்கை மூட்டுகளில் படலம் படிந்துவிட்டால், சில வேளைகளில் மூட்டையே அகற்ற நேரிடுவது இதனால்தான்.

இன்னொரு வியப்பையும் கேளுங்கள். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியத்துக்கு டோப்ராமைசின் மருந்தைக் கொல்லப் போதாத சிறிய அளவில் கொடுத்தபோது, அது முன்னிலும் அதிகமாகப் படலம் கட்டியது. 2005-இல் வெளியான ஆய்வு இதனைக் காட்டியது. எதிரியின் காலடி ஓசை கேட்டதும் கோட்டைக் கதவை அடைப்பது போன்றதே இது!

கலையும் வேளை

ஆனால் கோட்டைக்குள்ளேயே அடைந்து கிடந்தால் இனம் பரவாது. இதற்குக் காலராக் கிருமி நல்ல எடுத்துக்காட்டு. குளத்து நீரில் இது கோப்பிபாட் என்னும் நுண்ணிய மிதவை உயிரிகளின் மேல் படலமாக ஒட்டி வாழ்கிறது. அந்த நீரை மனிதன் குடிக்கும்போது, இரைப்பையின் அமிலம் தனித்து வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். திரளாக வருபவை எளிதில் மடிவதில்லை. பல சிறுகுடலை அடைந்துவிடுகின்றன.

அங்கே கிருமிகள் பெருகுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சமிக்ஞைப் பொருளை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. கூட்டம் பெருகப் பெருக அப்பொருளின் செறிவும் ஏறுகிறது. செறிவு ஓர் அளவைத் தாண்டியதும், படலம் கட்டும் ஜீன்கள் அடங்குகின்றன, திரள் கலைகிறது. கிருமிகள் நோயாளியின் பேதியோடு வெளியேறி, மீண்டும் குளத்தைத் தேடிச் செல்கின்றன.

சேலை செய்த வேலை

இந்த ஒட்டும் பழக்கமே கிருமியின் பலவீனமும் ஆயிற்று. காலராக் கிருமியின் நீளம் சுமார் 2 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. எந்தத் துணியும் அதனைத் தனியே வடிகட்டாது. ஆனால் அது ஒட்டியிருக்கும் கோப்பிபாட் பல மடங்கு பெரியது அல்லவா? அமெரிக்க அறிவியலார் ரீட்டா கால்வெல்லும் வங்கதேச ஆய்வாளர்களும், மத்லப் பகுதியில் 65 கிராமங்களில் இதனைச் சோதித்தனர். விறகு அரிதான அவ்வூர்களில் நீரைக் கொதிக்க வைப்பது எளிதன்று. எனவே சில கிராமங்களில் பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து, அதன் வழியே குடிநீரை வடிகட்டச் செய்தனர். பலமுறை துவைத்த சேலையில் நூல்கள் பிரிந்து கண்கள் சிறுத்துவிடுவதால், மடித்த துணி சுமார் 20 மைக்ரான் அளவுள்ளவற்றையும் பிடித்துவிடும். 2003-இல் வெளியான முடிவின்படி, வடிகட்டிய கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது!

நைட்ரிக் ஆக்சைடைச் சிறிதளவு செலுத்தினால் சில படலங்கள் தாமே கலைகின்றன என்றும் கண்டிருக்கிறார்கள். கலைந்து வெளிவரும் கிருமி பெரும்பாலும் மருந்துக்கு எளிதில் மடியும். ஆனால் அதே வேளையில் மருந்தும் தயாராக இருக்க வேண்டும். இல்லையேல் கலைந்தவை புதிய இடங்களுக்குக் குடியேறிவிடும்.

நம் வீட்டுக்கு இதில் என்ன பாடம்? வாயைக் கொப்பளித்தால் மட்டும் போதாது. பல்லைத் தேய்க்க வேண்டும். குடத்தை அலசினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் துலக்க வேண்டும். மருத்துவர் எழுதிய மருந்தைப் பாதி அளவாகக் குறைத்துக்கொள்ளக் கூடாது. லீவன்ஹூக்கின் காடியால் இயலாததை, அழுத்தித் தேய்க்கும் உங்கள் விரல் செய்துவிடும்.