ஆறு மைல் சதுரம்

வீட்டுமனை பேசும்போது நாம் சொல்கிற 'சென்ட்' 66 அடி நீள இரும்புச் சங்கிலியில் பிறந்த கணக்கு. பக்கத்துக்கு ஒரு சங்கிலி வைத்துச் சதுரம் பிடித்தால் சரியாகப் பத்து சென்ட். அதே சங்கிலியை இழுத்துக்கொண்டுதான் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் அயோவா புல்வெளியை அளந்தார்கள்.

அளவுக்கு அடிப்படை 1785இல் வந்த நிலச் சட்டம். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். பெயரில்தான் டவுன், உள்ளே வயலும் தோட்டவீடுகளுமே. அதற்குள் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண்கள் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே 6 வரை போகும். ஒரு வரிசை இறங்கி, 7இலிருந்து கிழக்கே திரும்பும். ஏர்மாடு சால் ஓட்டித் திரும்புகிற மாதிரி! 16ஆம் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு. குடிவராத நிலத்தில் பிள்ளைகளின் படிப்புக்குப் பங்கு ஒதுக்கிய அந்த ஒரு வரியைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மரமில்லாத இடத்தில் எல்லை காட்டுவது எப்படி? மூலையில் மண்ணைக் குவித்துக் குச்சி நட்டார்கள். அடியில் கரித்துண்டு புதைத்தார்கள். குச்சி மட்கிவிடும். கரி கிடக்கும்.

செக்‌ஷன் எல்லைகளே பின்னால் சாலைகள் ஆயின, மைலுக்கு ஒன்றாக. பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கும். அதைச் சரிசெய்யும் இடங்களில், மேடு பள்ளமில்லாத சமவெளியிலும் நேர்ச்சாலை சட்டென்று ஒடிந்து, சற்றுத் தள்ளி மறுபடி நேராகும். அவரவர் நிலத்தில் அவரவர் வீடு; தெரு கிடையாது. சதுப்பு நிலத்தைக்கூட மண்ணுக்கடியில் சுட்ட களிமண் குழாய் பதித்து வடித்தார்கள். இன்று மக்காச்சோளமும் சோயாவும் அங்கேதான் விளைகின்றன.

ஆனால் அந்த நிலத்தில் சங்கிலி விழுமுன்பே ஆட்கள் இருந்தார்கள். அயோவாவில் மீதமிருந்த நிலத்தையும் 1842 ஒப்பந்தம் பறித்தபின், மெஸ்குவாக்கி பழங்குடியினரைக் கன்சாஸுக்கு அனுப்பினார்கள். சிலர் போகவே இல்லை. சிலர் திரும்பி வந்தார்கள். 1857இல் டாமா மாவட்டத்தில், அயோவா ஆற்றங்கரையில் 80 ஏக்கரை அவர்கள் விலைக்கு வாங்கினார்கள். கொடுத்தது 1,000 டாலர். குடியேறிகளுக்கு அரசு விற்ற ஏக்கர் 1.25 டாலர் விலைப்படி அதன் பெறுமானம் வெறும் 100. பத்திரம் மாநில ஆளுநர் பெயரில்தான் எழுதப்பட்டது.

துண்டு துண்டாகச் சேர்த்து இன்று 8,000 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கிறார்கள். அரசு ஒதுக்கிய 'ரிசர்வேஷன்' என்று அதைச் சொல்வதில்லை. 'செட்டில்மென்ட்' என்கிறார்கள், தங்கள் காசில் வாங்கியது என்பதால்.