கொடுப்பதா, கொட்டுவதா?

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை காலை. நாகப்பட்டினம் கரையோரக் கிராமங்களை சுனாமி அலை வாரிச் சுருட்டிக்கொண்டு போனது.

செய்தி கேட்டு நாடே கலங்கியது. லாரி லாரியாகத் துணிகள் வந்து இறங்கின.

ஆனால் நடந்தது என்ன? பல மூட்டைகள் சாலை ஓரத்திலேயே கிடந்தன! கிழிந்த சட்டைகள், அழுக்குச் சேலைகள், அந்த ஊரில் யாரும் உடுத்தாத உடைகள். வீடு வாசல் இழந்து, கட்டிய துணியோடு நின்றவர்கள்கூட அவற்றை எடுக்கவில்லை. நேற்றுவரை உழைத்துச் சாப்பிட்டவர்கள் அல்லவா? வீடு போயிற்று, மானம் போகவில்லை.

அனுப்பியவர்கள் கெட்டவர்கள் அல்ல. கொடுப்பதாக நினைத்துக்கொண்டு கொட்டிவிட்டார்கள். அவ்வளவுதான்.

67 துணிகள்

டெல்லியில் பத்திரிகைத் தொழில் படித்தவர் அன்ஷு குப்தா. அநாதைப் பிணங்களை ஏற்றிச் செல்லும் ஒரு ரிக்‌ஷாக்காரரை அவர் வாலிபத்தில் சந்தித்தார். குளிர்காலத்தில்தான் அந்த ரிக்‌ஷாக்காரருக்கு வேலை அதிகம்!

காரணம்? போர்த்திக்கொள்ளத் துணி இல்லாமல் தெருவிலேயே விறைத்துச் செத்தார்கள், ஏழைகள். செத்த பிறகு மூடுவதற்குத் துணி கிடைத்தது. உயிரோடு இருந்தபோது கிடைக்கவில்லை.

இது அவர் மனதை விட்டு அகலவில்லை. பார்த்த வேலையை உதறினார். மனைவி மீனாட்சியுடன் வீட்டு அலமாரியைத் திறந்தார். சும்மா கிடந்த துணிகளை எண்ணினார். மொத்தம் 67. அதை வைத்து 1999-ல் 'கூஞ்ச்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 'கூஞ்ச்' என்றால் இந்தியில் எதிரொலி என்று பொருள். 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

பிச்சை அல்ல, பரிசு!

வந்த துணிகளை அங்கே தரம் பிரிக்கிறார்கள். கிழிசலைத் தைக்கிறார்கள். எந்த ஊருக்கு எது பொருந்தும் என்று பார்த்து அனுப்புகிறார்கள்.

கிராமத்தில் அதைச் சும்மா கொடுப்பதில்லை. ஊர் மக்கள் ஒன்று கூடிக் கிணறு வெட்டுகிறார்கள், பாதை போடுகிறார்கள், மூங்கில் பாலம் கட்டுகிறார்கள். அந்த உழைப்புக்குப் பரிசாகத் துணி கிடைக்கிறது. யாரும் கை நீட்ட வேண்டியது இல்லை.

உடுத்த முடியாத பருத்தித் துணியும் வீணாவது இல்லை. அதைச் சுத்தம் செய்து, மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்குப் பயன்படும் துணியாகத் தைக்கிறார்கள். சுனாமியின்போது வீணாகக் கிடந்த துணிகளையும் இப்படித்தான் தரம் பிரித்துப் பயன்படுத்தினார்கள்.

உங்கள் வீட்டில்...

இதற்குப் பெரிய நிறுவனம் தேவை இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

சட்டையா? துவைத்து, அறுந்த பொத்தானைத் தைத்து, மடித்து வையுங்கள். செருப்பா? ஜோடியாகச் சேர்த்துக் கட்டுங்கள். பாடப் புத்தகமா? அட்டை போட்டு, அடுத்த வகுப்பு தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: "இதை என் தங்கைக்குக் கொடுப்பேனா?"

'கொடுப்பேன்' என்று மனம் சொன்னால், தாராளமாகக் கொடுங்கள். தயங்கினால், அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அடுப்படியில் பிடிதுணி ஆகும்; வாசலில் மிதியடி ஆகும்; தரை துடைக்க உதவும்.

குப்பையும் குறையும். வாங்குகிறவர் தலையும் குனியாது!