முந்திப் பிறந்த பிள்ளைகள்! 40 லட்சம் பேரின் ஏட்டைப் புரட்டியதில் தெரிந்த உண்மை

குழந்தை வயிற்றில் இருக்கவேண்டிய காலம் 40 வாரம். சில குழந்தைகளுக்கு அதுவரை பொறுமை இல்லை! 34-வது வாரத்தில் ஒன்று பிறக்கிறது. 26-வது வாரத்திலேயே இன்னொன்று பிறந்துவிடுகிறது. 37 வாரம் நிறையுமுன் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை.

முன்பெல்லாம் மிகவும் முந்திப் பிறந்த குழந்தை பிழைப்பது அபூர்வம். இன்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிவிடுகிறார்கள். பிழைத்தது என்றதும் பெற்றவர்களுக்கு அடுத்த கவலை. "மற்றப் பிள்ளைகளைப்போல வளருமா?"

இதற்கு ஓரளவு விடை கிடைத்த நாடு சுவீடன்.

பிறந்த வாரம்

அந்த நாட்டில் ஒரு குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதை அரசாங்க ஏட்டில் பதிந்து விடுவார்கள். 1973-ம் ஆண்டு முதல் இந்தப் பழக்கம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. ஆயுள் முழுவதும் அதே எண்தான். பின்னாளில் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்த எண்ணைக்கொண்டு பழைய ஏட்டைப் பார்க்கலாம்.

1973 முதல் 2013 வரை பிறந்த 40 லட்சம் பேரின் ஏடுகளை ஆராய்ச்சியாளர்கள் புரட்டினார்கள். அவர்களில் யார் யாருக்கு ஆட்டிசம் என்று பார்த்தார்கள். (பேசுவதிலும் பிறரோடு பழகுவதிலும் தனிப்போக்கு, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தல். இதுதான் ஆட்டிசம். இது தொற்றுநோய் அல்ல.)

முடிவு 2021-ல் வெளிவந்தது. நிறைமாதத்தில் பிறந்த 1000 பேரில் 14 பேருக்கு ஆட்டிசம். 34 முதல் 36 வாரத்தில் பிறந்தவர்களில் 19. 28 முதல் 33 வாரத்தில் 26. அதற்கும் முந்திப் பிறந்தவர்களில் 61!

61 என்றதும் தாய்மார்கள் பயந்துவிடக் கூடாது. மீதி 939 பேருக்கு அது இல்லையே!

கடைசி வாரங்களில்தான் மூளை வேகமாக வளருகிறது. 35-வது வாரத்தில் அதன் எடை, நிறைமாத மூளையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மீதி வளர்ச்சி வெளியே நடக்கவேண்டியிருக்கிறது. ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல. பரம்பரைக்கும் பெரும் பங்கு உண்டு.

தாய்மீது பழி

1950-களில் மேல்நாட்டு நிபுணர்கள் சிலர் வேறு கதை சொன்னார்கள். தாய்க்குப் பாசம் போதவில்லை, அதனால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் என்றார்கள். "குளிர்பெட்டித் தாய்" என்று பட்டமும் சூட்டினார்கள். பெற்றவளுக்கு இப்படி ஒரு பரிசு! அமெரிக்க மனநூல் நிபுணர் பெர்னார்டு ரிம்லாண்டு 1964-ல் ஒரு புத்தகம் எழுதி அதை மறுத்தார். அவர் மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது.

வயதுக் கணக்கு

2 மாதம் முந்திப் பிறந்த குழந்தை. பிறந்து 8 மாதம் ஆகிறது. அதன் வளர்ச்சியைப் பார்க்கும்போது 6 மாதக் குழந்தை என்றே டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். 2 வயதுவரை இந்தக் கணக்குதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை உட்கார்ந்துவிட்டதே என்று அதற்குள் கலங்கவேண்டியதில்லை.

ஆனால் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று எல்லாவற்றையும் தள்ளிப் போடுவதும் தவறு. சீக்கிரம் பயிற்சி தொடங்கினால் பேச்சிலும் பழக்கத்திலும் நல்ல முன்னேற்றம் காணமுடிகிறது. அமெரிக்காவில் 18-வது மாதத்திலும் 24-வது மாதத்திலும் எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கச் சொல்லுகிறார்கள் குழந்தை டாக்டர்கள். பெற்றோரிடம் 20 கேள்விகள் கேட்கிறார்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா? ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். சந்தேகம் வந்தால்தான் மேல் பரிசோதனை. ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதும் இல்லை.