கேசட்டிலிருந்து கணக்குக்கு

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமொகோர்டோ என்று ஓர் ஊர். 1983 செப்டம்பரில் அட்டாரி நிறுவனம், விற்காமல் தேங்கிப்போன தன் வீடியோ கேம் கேசட்டுகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து அங்கிருந்த குப்பைக் குழியில் கொட்டி மூடியது. ‘இ.டி.’ திரைப்படத்தின் பெயரை நம்பி, ஒரே ஒரு நிரலர் ஐந்து வாரங்களில் எழுதி முடித்த ஆட்டமும் அந்தக் குவியலில் இருந்தது. வாங்கிய குழந்தைகளுக்கே பிடிக்காத ஆட்டம் அது. 2014 ஏப்ரலில் அந்தக் குழியைத் தோண்டினார்கள். முப்பது ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த ‘இ.டி.’ கேசட் ஒன்று இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

அந்தக் குழியைத் தோண்டிய அதே 2014இன் டிசம்பரில் யூபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய ஆட்டத்தை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே சாலை வரைபடமாக்கி, கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை நிற்காமல் ஓட்டிப்போகவிட்ட ஆட்டம். தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு வேண்டும் என்று அதை அமைத்திருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அந்த டிஸ்க்கை இயந்திரத்தில் போட்டால் ஆட்டம் தொடங்காது. முழு விலை கொடுத்தவர்களின் கணக்கிலிருந்தே அதன் உரிமத்தையும் பிறகு எடுத்துவிட்டார்கள். குப்பையில் வீசப்பட்ட ஆட்டம் பிழைத்திருக்கிறது. அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த ஆட்டம் செத்துப்போனது.

வீடியோ கேம்களின் நாற்பது ஆண்டு மாற்றம் என்றால் படத்தின் தெளிவைச் சொல்வார்கள், கதையின் விரிவைச் சொல்வார்கள், உலகின் மறுமுனையில் இருப்பவரோடு ஆட முடிவதைச் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது, காசு கொடுத்தவரின் நிலை மாறிய விதம். அன்று அவர் ஒரு பொருளுக்குச் சொந்தக்காரர். இன்று ஒரு நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடிய அனுமதியை வைத்திருப்பவர். இது சத்தமில்லாமல் நடந்தது. நாமும் போதுமான அளவு எதிர்க்கவில்லை.

தொண்ணூறுகளின் தமிழ்நாட்டில் இந்தச் சொந்தம் எப்படி இருந்தது என்பது அந்த வயதில் இருந்தவர்களுக்குத் தெரியும். நிண்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் இயந்திரத்தைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள்தான் நமக்குக் கிடைத்தன. சென்னையில் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும், மற்ற ஊர்களில் கடைத்தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் ‘டிவி கேம்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிட்டு அதைச் செருகி, சேனலைத் திருகித் திருகிப் படம் வரவைக்க வேண்டும். ‘9999 இன் 1’ என்று மேலே அச்சடித்த கேசட்டுக்குள் அதே பத்துப் பதினைந்து ஆட்டங்கள் வேறு வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கித் திரும்பத் திரும்ப வரும். கான்ட்ரா, மரியோ, டாங்கி ஆட்டம், சர்க்கஸ், ரோட் ஃபைட்டர். கான்ட்ராவில் முப்பது லைஃப் வாங்கும் பொத்தான் வரிசை எந்தப் பத்திரிகையிலும் படிக்காமல் பள்ளிக்குப் பள்ளி வாய்வழியாகவே பரவியது. ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. கடைசி ஸ்டேஜில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்துதான்.

அந்தக் கேசட் தெருவெல்லாம் சுற்றியது. நான்கு வீட்டில் நான்கு கேசட் இருந்தால் கோடை விடுமுறை முழுவதற்கும் போதும். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவார்கள். கடைக்காரரிடம் பழையதைக் கொடுத்து, மேலே கொஞ்சம் காசு போட்டுப் புதியதை எடுப்பார்கள். அண்ணன் கல்லூரிக்குப் போனால் தம்பிக்கு வரும். அவற்றில் பெரும்பாலானவை திருட்டு நகல்கள் என்பதையும், நாம் கொடுத்த காசில் ஒரு பைசாகூட அந்த ஆட்டங்களைப் படைத்தவர்களுக்குப் போகவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அது அநியாயம். ஆனால் முறையாக விலை கொடுத்து வாங்கிய அமெரிக்கச் சிறுவனுக்கும் ஜப்பானியச் சிறுமிக்கும் இதே சுதந்திரம் இருந்தது. ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அந்த 40 கிலோபைட்டும் கேசட்டுக்குள்ளேயே இருந்தன. ஆடுவதற்கு வேறு யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை.

நிறுவனங்கள் அன்று தாராள மனத்தோடு இருந்ததால் இது நடக்கவில்லை. 1985இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன இயந்திரத்தில், தான் ஒப்புதல் தராத கேசட்டை ஓடவிடாத ஒரு பூட்டுச் சில்லை நிண்டெண்டோ வைத்தது. வெளி நிறுவனம் எதுவும் ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வெளியிடக் கூடாது என்றது. கேசட்டுகளையும் அதுவேதான் தயாரித்துக் கொடுத்தது. ஆட்டம் விற்காவிட்டால் நட்டம் மற்றவருக்கு. அவ்வளவு பிடி வைத்திருந்த நிறுவனத்தாலும், விற்றுப்போன கேசட்டைத் தொட முடியவில்லை. அமெரிக்க வீடியோ கடைகள் கேசட்டுகளை வாடகைக்கு விட்டபோது நிண்டெண்டோ கொதித்தது. 1990இல் கணினி மென்பொருளை வாடகைக்கு விடுவதைத் தடுத்த அமெரிக்கச் சட்டம்கூட, கன்சோல் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, பிளாக்பஸ்டர் என்ற வாடகைக் கடைகள் விளையாட்டுக் கையேட்டை நகலெடுத்துக் கொடுக்கின்றன என்பதைப் பிடித்துக்கொண்டு நிண்டெண்டோ வழக்குப் போட்டிருந்தது. கையேட்டின் மீது மட்டும்தான் அதற்குப் பிடி இருந்தது. விற்ற பொருள் வாங்கியவருடையது என்ற பழைய சட்டக் கோட்பாடு மற்றதையெல்லாம் காத்தது.

அந்தக் கோட்பாட்டை யாரும் நீதிமன்றத்தில் வீழ்த்தவில்லை. இணையத் தொடர்பு வந்ததும் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 2003இல் வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்ற இணையச் சேவையைத் தொடங்கியது. மறு ஆண்டு வந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ஐக் கடையில் டிஸ்க்காக வாங்கியவரும் ஸ்டீம் கணக்கு திறந்தால்தான் ஆட முடியும் என்றது. அன்று கணினி ஆட்டக்காரர்கள் கோபப்பட்டார்கள். பிறகு பண்டிகைத் தள்ளுபடிகள் வந்தன, கோபம் ஆறியது. இன்று ஒருவர் இருபது ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான ஆட்டங்களைச் சேர்த்திருந்தாலும், அந்தக் கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றித்தர விதிமுறை இடம் கொடுக்காது. புத்தக அலமாரியைப் பிள்ளைக்கு விட்டுப்போகலாம், இதை விட்டுப்போக முடியாது. பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு இதற்காக வழக்காடியது. டிஜிட்டல் ஆட்டத்தையும் மறுவிற்பனை செய்யலாம் என்று 2019இல் பாரிஸ் நீதிமன்றம் சொன்னது. 2022இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறிவிட்டது.

கன்சோல் உலகில் ஒருமுறை வாங்குபவர்கள் வென்றார்கள். 2013இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிவித்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இணையத்தில் சரிபார்த்தால்தான் ஆட்டம் ஓடும், டிஸ்க்கை நண்பருக்குக் கொடுப்பதற்கும் விற்பதற்கும் கட்டுப்பாடு உண்டு என்றது. ஜூன் மாதக் கண்காட்சியில் போட்டியாளரான சோனி, தன் பிளேஸ்டேஷன் 4இல் ஆட்டத்தை எப்படிப் பகிர்வது என்று ஒரு குறும்படம் வெளியிட்டது. ஒருவர் டிஸ்க் பெட்டியை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் படம். சில நாட்களில், ஜூன் 19 அன்று, மைக்ரோசாஃப்ட் தன் கட்டுப்பாடுகளைக் கைவிட்டது.

அந்த வெற்றியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான் மிஞ்சுகிறது. அன்று கைதட்டல் வாங்கிய சோனி, 2024 நவம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் டிஸ்க் போடும் இடமே இல்லை. வேண்டுமானால் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டும். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2க்கு 2025 முதல் கடைகளில் வரும் அட்டைகளில் ஒரு வகைக்குள் ஆட்டமே கிடையாது. பதிவிறக்கம் செய்துகொள்வதற்கான சாவி மட்டும்தான் இருக்கிறது. அதைக் கைமாற்றலாம், விற்கலாம். ஆனால் பதிவிறக்கம் தரும் சர்வர் இருக்கும் வரைதான் அந்த அட்டைக்கு மதிப்பு. அந்த ‘வரை’ எவ்வளவு காலம்? 3டிஎஸ், வீ யூ என்ற தன் பழைய இயந்திரங்களின் இணையக் கடைகளை நிண்டெண்டோ 2023 மார்ச் 27 அன்று மூடியது. அங்கு மட்டுமே விற்ற ஆட்டங்களில் பலவற்றை இன்று எந்த விலை கொடுத்தும் நேர்மையாக வாங்க முடியாது.

இந்த மாற்றத்தில் நல்லது எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். கேசட் காலத்தில் ஒரு சிறு குழுவால் ஆட்டத்தை எளிதில் வெளியிட்டிருக்க முடியாது. தொழிற்சாலைக்கு முன்பணம் கட்டவே சொத்தை விற்க வேண்டியிருந்திருக்கும். கனடாவின் டொரோன்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலையில் ‘வெண்பா’வை வெளியிட்டது. எண்பதுகளின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து அங்கே குடியேறிய வெண்பா, பாவலன், அவர்களின் மகன் கவின் ஆகியோரின் கதை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்லித் தட்டை அடுக்குவதும் புட்டு அவிப்பதும்தான் ஆட்டம். பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024இல் சிறந்த அறிமுக ஆட்டம் என்று அதற்கு விருது கொடுத்தது. டிஜிட்டல் கடைகள் இல்லாவிட்டால் தமிழ் வீட்டு அடுப்படி உலகம் முழுவதும் இப்படிப் போய்ச் சேர்ந்திருக்காது. விரும்பியவர்கள் அதை நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஆட முடிய வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தத் தொழில் இன்று போகும் வழியில் அதற்கு எந்த உறுதியும் இல்லை.

பழையவற்றின் கதியைப் பார்த்தால் இந்த அச்சம் மிகையில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை என்பது அதன் முடிவு. நூலகங்கள் இவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து எடுத்துத் தர அனுமதி கேட்டபோது, விளையாட்டு நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டார்கள், நூலகம் கொடுக்கவும் விடமாட்டார்கள். இதை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

‘தி க்ரூ’ நிறுத்தப்பட்ட அடுத்த மாதமே ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். கோரிக்கை எளிமையானது. சர்வரை என்றென்றும் நடத்தச் சொல்லவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தாங்களே ஆட்டத்தை ஓட்டிக்கொள்ளும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். ஐரோப்பியக் குடிமக்கள் மனுவாக அது 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், டிஜிட்டல் கடைகள் தாங்கள் விற்பது உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நேர்மைக்கு அது உதவும். ஆட்டத்தைக் காப்பாற்ற அது போதாது.

தொழில் தரப்பின் பதிலையும் கேட்க வேண்டும். தனியார் சர்வர்களில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இருக்காது, பாடல்களுக்கும் கார்களுக்கும் வாங்கிய உரிமம் காலாவதியாகிவிடும், முதலிலிருந்தே சர்வரை நம்பிக் கட்டிய ஆட்டத்தைப் பிரித்துத் தர நிறையச் செலவாகும் என்கிறார்கள். உரிமச் சிக்கல் உண்மையானது, புதிதாக விற்பதை நிறுத்த அது நியாயமான காரணம். ஏற்கெனவே விற்றதைப் பிடுங்க அது காரணமாகாது. செலவைப் பற்றிச் சொல்வதற்கு நடந்தவையே பதில். ‘நாக்கவுட் சிட்டி’யைச் செய்த வெலன் ஸ்டுடியோஸ் ஒரு சிறிய நிறுவனம். 2023 ஜூனில் தன் சர்வரை மூடும்போது, ஆட்டக்காரர்கள் சொந்தமாக நடத்திக்கொள்ள ஒரு பதிப்பை வெளியிட்டது. 2012இல் மூடப்பட்ட ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ஐ ரசிகர்கள் அனுமதியில்லாமலே உயிர்ப்பித்து நடத்திவந்தார்கள். 2024 ஜனவரியில் அதன் உரிமையாளரான என்சிசாஃப்ட் அவர்களுக்கு முறையான உரிமமே கொடுத்தது.

‘தி க்ரூ’வின் கதையிலேயே இன்னும் அழுத்தமான பதில் இருக்கிறது. எதிர்ப்பு பெருகிய பிறகு, 2024 செப்டம்பரில் யூபிசாஃப்ட் அதே வரிசையில் வந்த ‘தி க்ரூ 2’க்கும் ‘மோட்டர்ஃபெஸ்ட்’டுக்கும் இணையமில்லாமல் ஆடும் வசதி செய்து தருவதாக அறிவித்தது. முதல் ஆட்டத்துக்காகக் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்ட ஆட்டக்காரர்களுக்கு அதே நிறுவனம் சொன்ன பதில், நீங்கள் வாங்கியது வரம்புக்குட்பட்ட உரிமம்தான் என்பது. 2025இல் ரசிகர்கள் சிலர் தாங்களே சர்வர் மென்பொருள் எழுதி, அந்த முதல் ஆட்டத்தைக் கணினியில் மீண்டும் ஓடவைத்தார்கள். சம்பளம் வாங்காதவர்கள் வெளியிலிருந்து செய்துகாட்டியதை, மூல நிரல் முழுவதையும் கையில் வைத்திருந்த நிறுவனம் மூடுவதற்கு முன்பே செய்திருக்கலாம். இனிமேல் அப்படிச் செய்தே ஆக வேண்டும் என்ற சட்டத்தைத்தான் ஐரோப்பாவில் கையெழுத்திட்டவர்கள் கேட்கிறார்கள். இந்தியாவிலும் கேட்க வேண்டும். இங்கே ஒரு புதிய ஆட்டத்துக்கு ஐயாயிரம் ரூபாயை ஒட்டிக் கொடுக்கிறவர்களுக்கு அப்படிக் கேட்கும் உரிமை இருக்கிறது.