ராஞ்சன்காவ் காரில் ஒரு பனிப் பொத்தான்

புனேயில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1.7 டிகிரி செல்சியஸ். அது 1935 ஜனவரி 17-ஆம் தேதி பதிவானது. பனி கொட்டிச் சாலை வெளுத்ததாக அந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது. ஆனால் நகரத்திலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, அஷ்டவிநாயகர் தலங்களில் ஒன்றான ராஞ்சன்காவில், 2017 முதல் ஜீப் காம்பஸ் கார்கள் தயாராகின்றன. அவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ரகங்களில், ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் ‘ஸ்நோ’ என்று ஒரு தேர்வு இருக்கிறது.

வேடிக்கைக்காக வைத்ததல்ல. டிசம்பர் பிறந்தால் எம்.எச். 12, எம்.எச். 14 என்று தொடங்கும் புனே நம்பர் பிளேட்டுகள் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தாண்டி மணாலியில் தென்படும். 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை, ரோதாங் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீளத்துக்கு, 3,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் செல்கிறது. முன்பெல்லாம் நவம்பரோடு அடைபட்டுவிடும் லாஹௌல் பள்ளத்தாக்குக்கு இப்போது குளிர்காலத்திலும் சாதாரண குடும்பக் காரில் போய்விடலாம். போவதில் பிரச்சினை இல்லை. திரும்பி இறங்குவதில்தான் பிரச்சினை. 2024 டிசம்பர் 27 அன்று மணாலியை அடுத்த சோலாங் பகுதியில் பனி கொட்டியபோது சுமார் ஆயிரம் வாகனங்கள் சிக்கிக்கொண்டன. ஏறக்குறைய 5,000 சுற்றுலாப் பயணிகளைக் குல்லு போலீஸார் மீட்டார்கள். அந்த வாரத்தில் செல்போன்களில் சுற்றிய வீடியோக்களில், சக்கரங்கள் துளியும் சுற்றாத கார்கள் அப்படியே சரிவில் வழுக்கிக்கொண்டு போயின.

வண்டி நவீனமானது, டேஷ்போர்டில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் விளக்கு மினுக்குகிறது, இருந்தும் ஏன் வழுக்குகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, டிராக்‌ஷன் கண்ட்ரோல் என்ன செய்கிறது என்பதைவிட, என்ன செய்யாது என்பதைப் பார்ப்பதுதான் சரி.

ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்திலும் ஒரு சிறு உணரி உண்டு. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வளையத்தின் பற்களையோ காந்தத் துருவங்களையோ எண்ணிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். அமைப்புக்காகப் பொருத்தப்பட்டது இது. 1978-இல் போஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து அதே உணரிகளை வைத்துக்கொண்டு பொறியாளர்கள் இன்னொரு கேள்வி கேட்டார்கள்: சக்கரம் நின்றுபோவதைக் கண்டுபிடிக்க முடிகிறது என்றால், அளவுக்கு மீறிச் சுற்றுவதையும் கண்டுபிடிக்கலாம் அல்லவா?

அப்படிப் பிறந்ததுதான் டிராக்‌ஷன் கண்ட்ரோல். என்ஜின் விசையால் இயங்கும் சக்கரம் ஒன்று மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றினால், அது தரையைப் பிடிக்காமல் சும்மா சுழல்கிறது என்று பொருள். உடனே கணினி இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஓட்டுநர் எவ்வளவு அழுத்தி மிதித்திருந்தாலும் என்ஜினின் விசையைக் குறைக்கிறது. சுழலும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் தட்டித் தட்டிப் பிடிக்கிறது. முதல் வேலை எளிதில் புரியும். இரண்டாவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. என்ஜின் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் சாதாரண டிஃபரன்ஷியல், இடது வலது சக்கரங்கள் இரண்டுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். இடது சக்கரம் பனிக்கட்டி மேல் நின்று எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால், தார் மேல் நிற்கும் வலது சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் கிடைக்கும், வண்டி நகராது. இடது சக்கரத்தைப் பிரேக் பிடித்து இறுக்கினால் அங்கே ஒரு செயற்கை எதிர்ப்பு உண்டாகிறது. அந்த எதிர்ப்புக்கு ஈடான விசை வலது சக்கரத்துக்கும் போய்ச் சேர, கார் முன்னால் நகர்கிறது. அப்போது டேஷ்போர்டில், பின்னால் இரண்டு வளைந்த கோடுகளை இழுத்துச் செல்லும் கார் படம் மஞ்சளாக மினுக்கும்; அடியில் ‘கர்ர் கர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பயப்பட ஒன்றுமில்லை, அது பிரேக் வால்வுகளும் பம்பும் வேலை செய்யும் ஓசை.

இந்த வம்சத்தின் மூன்றாவது பிள்ளை, வண்டி பக்கவாட்டில் சுழன்றுபோவதைத் தடுக்கும் ஈ.எஸ்.சி. அதன் கதையும் பனியில்தான் தொடங்குகிறது. 1989-இல் சுவீடனில் பனிக்காலச் சோதனைக்குப் போன ஃபிராங்க் வெர்னர் மோன் என்ற இளம் மெர்சிடிஸ் பொறியாளர், காரைப் பனிச்சாலையோரப் பள்ளத்தில் விட்டுவிட்டார். இழுவை வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில், ஏ.பி.எஸ். உணரிகளோடு கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளக்கும் கருவியையும் சேர்த்து, சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்தால் என்ன என்ற யோசனை அவருக்கு வந்ததாகச் சொல்வார்கள். 1995-இல் அது எஸ் 600 கூபே காரில் விற்பனைக்கு வந்தது. இன்று டிராக்‌ஷன் கண்ட்ரோலும் ஈ.எஸ்.சி.யும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்கின்றன.

இவ்வளவு புத்திசாலித்தனமும் ஓரிடத்தில் வந்து முட்டி நிற்கிறது: டயருக்கும் தரைக்கும் நடுவில், உள்ளங்கை அகலமே உள்ள ஒட்டுமிடத்தில். டிராக்‌ஷன் கண்ட்ரோல் ஒரு ரேஷன் கடைக்காரர். கையிருப்பைச் சரியாகப் பங்கிட்டுக் கொடுப்பார். அரிசி விளைவிக்க அவரால் ஆகாது.

கையிருப்பு எவ்வளவு என்பதை உராய்வுக் குணகம் என்ற எண் சொல்லும். காய்ந்த தார்ச் சாலையில் அது ஏறத்தாழ 0.8. அமுங்கிய பனியில் 0.2 அல்லது 0.3. பனிக்கட்டியில் 0.1, சில சமயம் அதற்கும் கீழே. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் கார் சமதளத்தில் நிற்க, தார்ச் சாலையில் சுமார் 8 மீட்டர் போதும். 0.2 உள்ள பனியில் 32 மீட்டர் வேண்டும். பனிக்கட்டியில் 63 மீட்டர். ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்க எடுத்துக்கொள்ளும் நேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இனி மலைச்சாலைக்கு வருவோம். பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவில் 0.1 குணகமுள்ள பனிக்கட்டி படிந்திருந்தால், நான்கு சக்கரங்களிலும் பிரேக் பிடித்து நிறுத்திய காரே நிற்கலாமா வழுக்கலாமா என்ற நிலையில்தான் இருக்கும். குணகம் இன்னும் சற்றுக் குறைந்தால் நான்கு சக்கரங்களும் இறுகியபடியே வண்டி கீழே போகும். சோலாங் வீடியோக்களில் நடந்தது இதுதான். அங்கே எந்தக் கணினிக்கும் வேலை இல்லை.

இந்த இடத்தில்தான் எஸ்.யு.வி. வைத்திருப்பவர்களின் நம்பிக்கை அவர்களைக் கவிழ்க்கிறது. முன்சக்கர இயக்கக் காரில் மொத்த எடையில் சுமார் 60 சதவீதம்தான் இயங்கும் சக்கரங்கள் மேல் இருக்கும். ஆகவே 0.1 குணகத்தில் அதிகபட்சம் ஆறு சதவீத ஏற்றம் ஏறலாம். அதுவும் ஏறும்போது எடை பின்னால் சாய்வதால் இன்னும் குறையும். நான்கு சக்கர இயக்கம் முழு எடையையும் பயன்படுத்துவதால் பத்து சதவீதம்வரை முயலலாம். ஏற்றத்தில் இது நிஜமான அனுகூலம். ஆனால் பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. இறக்கத்தில் முப்பது லட்ச ரூபாய் ஃபோர் பை ஃபோருக்கும் ஆறு லட்ச ரூபாய் ஹாட்ச்பேக்குக்கும், டயர் ஒரே மாதிரி என்றால், பிடிப்பும் ஒரே மாதிரிதான். பெரிய வண்டி தயங்காமல் மேலே ஏறிவிடுகிறது என்பதுதான் வித்தியாசம்.

பனிக்கட்டி ஏன் இப்படி வழுக்குகிறது என்பதே இயற்பியலில் ஒரு பழைய வழக்கு. உருகுநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர்போன்ற மெல்லிய படலம் இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850-லேயே சொன்னார். உராய்வில் பிறக்கும் வெப்பமும் அந்தப் படலத்தைத் தடிக்க வைக்கிறது. அதனால் மைனஸ் 20 டிகிரியில் இறுகிய பனிக்கட்டியைவிட, பூஜ்ஜியத்தை ஒட்டி வெயில் பட்டு நசநசக்கும் பனிக்கட்டிதான் ஆபத்து. பகலில் உருகி, மாலையில் மறுபடி உறைந்து, தார் நிறத்திலேயே கண்ணாடிபோல் படியும் கரும்பனியை ஓட்டுநர் பார்ப்பதற்குள் டயர் பார்த்துவிடும்.

டயர் என்றதும் இன்னொன்று. இந்தியக் கார்களில் வரும் டயர்களின் ரப்பர் வெப்ப நாட்டுக்கானது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே அது விறைக்கத் தொடங்குகிறது. பனிக்கால டயர்களில் சிலிக்காவும் இயற்கை ரப்பரும் கூடுதலாகச் சேர்த்து, குளிரிலும் மெத்தென்று இருக்கும்படி செய்கிறார்கள். அவற்றின் மேல் பிளேடால் கீறியதுபோல் ஏராளமான நுண்வெட்டுகள் இருக்கும்; பனியைக் கவ்வுவது அவைதான். மாண்ட்ரியாலில் வாழும் தமிழர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் இல்லாமல் கார் ஓட்டுவது சட்டப்படி குற்றம். புனேயின் ஹிஞ்சவடி ஐ.டி. பூங்காவுக்குப் போய்வரும் அதே டயரோடு லாஹௌலின் சிஸ்ஸூவுக்குப் போகிறவர்களுக்கு இந்தியாவில் அப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. சக்கரத்தில் மாட்டும் இரும்புச் சங்கிலிதான் கைகொடுக்கும். உள்ளூர் டாக்சிக்காரர்கள் டிக்கியில் அதைத் தயாராக வைத்திருப்பார்கள். இயங்கும் சக்கரங்களில் மாட்ட வேண்டும். பெரும்பாலான சிறு கார்களுக்கு அவை முன்சக்கரங்கள்.

டிராக்‌ஷன் கண்ட்ரோலை எப்போது அணைக்க வேண்டும்? இதைப் பற்றித்தான் ஆளுக்கொரு கருத்து உலவுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது, வளைவில், இறக்கத்தில் அதைத் தொடவே கூடாது. கார் உதிரிப் பனியில் புதைந்து நகராமல் நிற்கும்போது மட்டும் கதை வேறு. அங்கே சக்கரம் சற்று வழுக்கிச் சுற்றினால்தான் டயரின் பள்ளங்களில் அடைந்த பனி தெறித்து விழும். பனியைக் கிளறிக்கொண்டு கீழே உள்ள கெட்டித் தரையையும் எட்டும். கணினிக்கு அது தெரியாது. சுழற்சியைப் பார்த்தவுடன் விசையைக் குறைக்கும். மிதிக்க மிதிக்க என்ஜின் அடங்கிப்போகும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போது அதற்கான பொத்தானை அழுத்தி அணைத்து, இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளட்ச் விட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டி எடுப்பதுதான் வழி. ஆக்ஸிலரேட்டரை ஆத்திரத்தோடு மிதித்தால் டயர் சூடேறி அடியில் பனிக்கட்டிக் கிண்ணம் ஒன்று உருவாகும். அதிலிருந்து வெளியே வருவது முன்பைவிடக் கடினம். சங்கிலி மாட்டியிருந்தாலும் பல கார்களின் கையேடுகள் டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைக்கச் சொல்கின்றன.

இரண்டாம் கியர் எதற்கு என்றால், முதல் கியரில் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை மிக அதிகம். ‘ஸ்நோ’ தேர்வும் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்கிறது: ஆக்ஸிலரேட்டரை மந்தமாக்கி, விசையைப் பதமாக அனுப்புகிறது.

இறக்கத்தில் வேறு சூத்திரம். குறைந்த கியர், நடந்து போகும் வேகம், முன் வண்டிக்கும் நமக்கும் நல்ல இடைவெளி. ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் காலடியில் உதறும்; அதைக் கண்டு காலை எடுத்துவிடக் கூடாது. உதிரிப் பனியில் மட்டும் ஏ.பி.எஸ். நிற்கும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டிவிடும். இறுகிய சக்கரம் முன்னால் பனியைக் குவித்து முட்டுக்கொடுத்துக்கொள்ளும், உருளும் சக்கரத்துக்கு அந்த முட்டு கிடைக்காது. ஆனாலும் ஸ்டியரிங் திருப்பினால் வண்டி திரும்ப வேண்டுமே, அதற்காக இந்த நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பெரும்பகுதியில் பனியே விழாத நாட்டில் இதையெல்லாம் எங்கே சோதிக்கிறார்கள்? இந்தூர் அருகே பித்தம்பூரில் உள்ள நாட்ராக்ஸ் போன்ற சோதனைத் தடங்களில், வழவழப்பான ஓடுகளைப் பதித்து மேலே தண்ணீர் விடுகிறார்கள். ஈரமான பசால்ட் ஓடு பனியளவுக்கு வழுக்கும்; ஈரமான செராமிக் ஓடு பனிக்கட்டிக்கு ஈடு. பசால்ட் வேறெதுவுமல்ல, எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கல். புனே நகரமே அந்தக் கல் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. 1966-இல் தொடங்கப்பட்ட இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கமான ஏ.ஆர்.ஏ.ஐ. அமைந்திருக்கும் வேதாள் குன்றும் அதே பசால்ட்தான். காலை நடைக்கு வரும் புனேக்காரர்களுக்கு அந்தக் குன்றே ‘ஏ.ஆர்.ஏ.ஐ. டெக்டி’. கார்களுக்கு நட்சத்திரம் வழங்கும் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வேண்டுமென்றால் காரில் ஈ.எஸ்.சி. இருந்தே ஆக வேண்டும் என்கிறது அதன் விதி.

பனியைப் பார்க்கவே போகாத புனேக்காரருக்கும் இந்தக் கருவிகள் வீண் செலவல்ல. ஜூன் மாதத்தின் முதல் மழையில், மாதக்கணக்காகச் சாலையில் ஊறிய எண்ணெயும் தூசியும் கரைந்து வழவழக்கும்போது, தாம்ஹிணி காட் மலைப்பாதை வளைவுகளில் அந்த மஞ்சள் விளக்கு அடிக்கடி மினுக்கும். பிம்ப்ரியில் தயாராகும் டாடா ஹாரியரில் ‘வெட்’ என்றே ஒரு தேர்வு உண்டு.

மணாலியில் பனி கொட்டும் நாட்களில் நேரு குண்ட் அருகே போலீஸார் வண்டிகளை மறித்து, நான்கு சக்கர இயக்க வண்டிகளை மட்டும் மேலே விடுவது வழக்கம். அதையும் தாண்டிப் போய் நெரிசலில் மாட்டிக்கொண்டு, ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டபடி இரவைக் கழிக்க நேர்ந்தால், அவ்வப்போது இறங்கி சைலன்ஸர் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரீ மலைவாசஸ்தலத்தில் பனியில் சிக்கிய கார்களுக்குள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடைபட்ட குழாயிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடு அதில் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

அணைக்கும் பொத்தானைப் பற்றி ஒரு சின்னத் தகவல் பாக்கி. பல கார்களில் ஒருமுறை அழுத்தினால் டிராக்‌ஷன் கண்ட்ரோல் மட்டும் அணையும், ஈ.எஸ்.சி. விழித்திருக்கும், சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால்தான் இரண்டும் போகும். எப்படி அணைத்தாலும், என்ஜினை நிறுத்தி மறுபடி கிளப்பும்போது பெரும்பாலான கார்களில் அது தானாகவே ஆன் ஆகிவிடும். புதைந்த வண்டியோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, ஒரு டீ குடித்துவரப் போனவர் திரும்பி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்த விளக்கைத்தான்.