கருக்கட்டலும் கல்சியமும்

எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தரும் பொருளாகவே கல்சியத்தைப் பலரும் அறிவர். பாலையும் நெத்தலியையும் முருங்கையிலையையும் பற்றிப் பேசும்போது அதன் பெயர் அடிபடுவதுண்டு. உடலிலுள்ள கல்சியத்தில் ஏறத்தாழ 99 வீதம் எலும்பிலும் பல்லிலும் தங்கியிருப்பது உண்மையே. எனினும், எஞ்சிய ஒரு வீதம் ஆற்றும் பணி அதனினும் வியப்புக்குரியது. தசை சுருங்குவதற்கும் நரம்பு செய்தி சொல்வதற்கும் அதுவே காரணம். முலையூட்டிகளில் ஒரு புதிய உயிர் தொடங்குவதற்கும் அச்சிறு பங்கே தூது செல்கிறது.

இத்தூது நடைபெறும் முறை எளியது. உயிருள்ள கலம் ஒவ்வொன்றும் தன்னகத்தே கல்சிய அயன்களை மிகக் குறைவாகவே வைத்திருக்கும். கலத்தின் வெளியேயுள்ள செறிவு உள்ளேயுள்ளதைவிடச் சுமார் 10,000 மடங்கு கூடியது. குளம் நிறைந்து நிற்க, மதகு மூடியிருப்பதற்கு இந்நிலையை ஒப்பிடலாம். மதகு சிறிது திறந்தாலும் வெள்ளம் பாயும். கலமென்சவ்விலுள்ள கதவு திறந்து கல்சியம் உட்பாய்வதே கலத்திற்குக் கிடைக்கும் கட்டளையாகும்.

விந்தணு உடலை விட்டு வெளியேறியவுடனேயே முட்டையைத் துளைக்க வல்லது என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. 1951 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய சாங் என்பவரும், அவுஸ்திரேலிய அறிஞரான ஒஸ்டின் என்பவரும், ஒருவரையொருவர் சாராது ஆராய்ந்து, அவ்வெண்ணம் பிழையென நிறுவினர். பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் சில மணி நேரம் தங்கிப் பக்குவமடைந்த பின்னரே விந்தணு அவ்வாற்றலைப் பெறுகிறது.

அப்பக்குவத்தின் பின் நிகழ்வது யாது? ஹவாயில் ஆராய்ச்சி நடத்திய யனகிமாச்சி என்பாரும் அவருடைய துணைவரும் 1974 இல் இதற்கு விடை தந்தனர். கினிப்பன்றியின் விந்தணுக்களை அவர்கள் கல்சியம் இல்லாத கரைசலில் நெடுநேரம் வைத்திருந்தனர். விந்தணுக்கள் உயிரோடிருந்தன, ஆயினும் மாற்றமெதுவும் காணப்படவில்லை. பின்னர்க் கல்சியம் சேர்க்கப்பட்டதும் சில நிமிடங்களிலேயே இரு மாற்றங்கள் தோன்றின. மெல்ல அசைந்த வால் சாட்டையைப்போல் வீச்சுடன் அடிக்கத் தொடங்கியது. தலையின் முனையில் தொப்பிபோல் அமைந்த பை வெடித்து, அதனுள்ளிருந்த நொதியங்கள் வெளிவந்தன. இவ்விரண்டும் இன்றி, முட்டையைச் சூழ்ந்துள்ள தடித்த உறையை விந்தணு கடத்தல் இயலாது.

வாலில் கல்சியம் புகும் கதவு 2001 இல் சுண்டெலிகளில் கண்டறியப்பட்டது. கற்ஸ்பேர் எனப்படும் அப்புரதம் விந்தணுவின் வாலில் மட்டுமே உள்ளது. அப்புரதம் அற்ற ஆண் சுண்டெலிகள் மற்றெல்லா வகையிலும் நலமாக இருந்தன. விந்தணுக்களின் எண்ணிக்கையிலும் குறைவில்லை. ஆயினும் அவற்றுக்குக் குட்டி பிறக்கவில்லை. உறையை நீக்கிய முட்டைகளை அதே விந்தணுக்கள் கருக்கட்டின என்பது குறிப்பிடத்தக்கது. குறை முழுவதும் உறையைத் துளைக்கும் வலிமையிலேயே இருந்தது. மனித விந்தணுவில் அக்கதவைத் திறப்பது புரோஜெஸ்தரோன் என்னும் ஓமோன் என்று 2011 இல் அமெரிக்க, ஜேர்மனிய ஆய்வாளர் ஒரே காலத்தில் வெளியிட்டனர். முட்டையைச் சூழ்ந்த கலங்களே அவ்வோமோனைச் சுரக்கின்றன.

விந்தணு முட்டையோடு ஒன்றிய பின்னரும் கல்சியத்தின் பணி முடிவதில்லை. விந்தணு கொண்டுவரும் ஒரு புரதம், முட்டை தன்னுள் சேமித்து வைத்த கல்சியத்தை விடுவிக்கிறது. அலைமேல் அலையாக அது எழுந்து தணிவது சுண்டெலியில் சில மணி நேரம் நீடிக்கும். இதனால் உறை இறுகி மற்றொரு விந்தணு நுழையாது தடுக்கப்படுகிறது. இடையில் நின்றிருந்த முட்டையின் பிரிவும் மீண்டும் தொடங்கி நிறைவேறுகிறது. கரு வளர்ச்சியின் முதற்படி அதுவே.

இவ்வறிவினால் விளையும் பயன் சிறிதன்று. மகப்பேறு வாய்க்காத இல்லங்களில் பழியைப் பெண்ணின் தலையிலேயே சுமத்துவது நெடுங்கால வழக்கம். நுணுக்குக்காட்டியில் ஆணின் விந்தணுக்கள் எண்ணிக்கையிலும் வடிவிலும் அசைவிலும் குறையின்றித் தோன்றும்போது அப்பழி மேலும் உறுதிப்படுகிறது. அவ்வாறு தோன்றும் விந்தணுக்களிலும் கல்சியக் கதவு திறவாதிருத்தல் கூடும் என்பது சில ஆண்களிடத்து இன்று மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. பிறப்பிலேயே அமைந்த அக்குறையைப் பாலோ கல்சிய மாத்திரையோ தீர்க்கமாட்டாது. குருதியில் கல்சியம் குறைந்ததனால் நேர்ந்ததன்று அது. கதவு திறவாமையால் நேர்ந்தது. ஆயினும் ஒரே விந்தணுவை நுண்ணிய ஊசியால் முட்டையினுள் நேரே செலுத்தும் முறை 1992 இல் வெளியிடப்பட்ட பின், அத்தகையோரும் பிள்ளைப்பேறு பெற வழி பிறந்துள்ளது.

ஆகவே, குழந்தையில்லாக் கவலையோடு மருத்துவரை நாடும்போது கணவனும் மனைவியும் ஒருங்கே செல்லுதல் வேண்டும். பழி சொல்லிக் கழியும் ஆண்டுகள் எந்த மருத்துவத்தாலும் திரும்ப வரமாட்டா.